குயிக் சேஞ்ச் டூல் போஸ்ட்: விலை கேட்கும் முன் ஓர் அளவு எடுங்கள்

கேள்வி: கோவையில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஆறடி லேத், சென்டர் உயரம் (பெட்டிலிருந்து சுழலும் மையம் வரை) எட்டரை அங்குலம். பம்ப் ஷாஃப்ட், புஷ், சில்லறை ரிப்பேர் என்று கலவையான வேலைகள். இப்போது இருப்பது நாலு முக டூல் போஸ்ட், அதாவது வெட்டும் டூல்களை நாலு பக்கமும் பிடித்து நிற்கும் கட்டை. டூல் மாற்றும்போதெல்லாம் தகடு வைத்து உயரம் பிடிப்பதிலேயே பாதி நேரம் போகிறது. டூலை அதன் ஹோல்டரோடு (டூலைப் பிடிக்கும் கட்டை) சட்டென மாற்றும் குயிக் சேஞ்ச் டூல் போஸ்ட் எந்த சைஸ் வாங்குவது? வெட்ஜ் (ஆப்பு) வகைக்குக் கூடுதல் விலை கொடுப்பது சரிதானா?

பதில்: நீங்கள் எழுதிய இரண்டு அளவுகளை வைத்து சைஸ் சொல்ல முடியாது. பழைய போஸ்ட்டைக் கழற்றிவிட்டு, அது உட்காரும் தளத்தை டெயில் ஸ்டாக்கில், அதாவது ஜாபின் மறுமுனையைத் தாங்கும் பகுதியில், உள்ள சென்டரின் முனைக்கு அருகே கொண்டுவாருங்கள். தளத்திலிருந்து முனை வரை எத்தனை மில்லிமீட்டர் என்று வெர்னியரில் பாருங்கள். வேண்டியது அந்த ஓர் எண்தான்.

கடைக்காரர் காட்டும் அட்டவணையில் 100, 200, 300 என்று வரிசை எண்கள் இருக்கும். இவையே ஏ.எக்ஸ்.ஏ, பி.எக்ஸ்.ஏ, சி.எக்ஸ்.ஏ. அமெரிக்காவின் அலோரிஸ் நிறுவனம் வைத்த பெயர்கள், இப்போது எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். தோராயமாக முதலாவது 12 அங்குல ஸ்விங் (லேத்தில் சுற்றக்கூடிய ஜாபின் அதிகபட்ச விட்டம்) வரை, இரண்டாவது 15 வரை, மூன்றாவது 18 வரை. இங்கே பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. நம் ஊரில் லேத்தைச் சென்டர் உயரத்தால் சொல்கிறோம். அந்த அட்டவணை ஸ்விங்கைச் சொல்கிறது, அதாவது அதில் இரு மடங்கு. உங்கள் எட்டரை அங்குல லேத் அவர்கள் கணக்கில் 17 அங்குல லேத். எட்டரை என்று பார்த்து 100 வரிசையை வாங்கினால், ஆனைக்குப் பூனை வால் கட்டிய கதைதான்.

சரி, அப்படியானால் 300 என்று முடிவு செய்துவிடலாமா? அதற்குத்தான் அந்த அளவு. ஹோல்டரில் டூல் உட்காரும் பள்ளத்துக்குக் கீழே ஓர் உதடு இருக்கிறது. ஹோல்டரை எவ்வளவு இறக்கினாலும் அந்த உதட்டின் கனத்துக்குக் கீழே டூல் போகாது. உதாரணமாக உங்கள் அளவு 38 மி.மீ., டூல் 20 மி.மீ. ஷாங்க் (டூலின் தண்டு) என்று வையுங்கள். உதட்டுக்கு மிச்சம் 18. உரசாமல் இருக்க ஒரு மில்லிமீட்டரை விட்டால் 17. அதைவிடக் கனமான உதடு என்றால் டூல் முனை சென்டருக்கு மேலேயே நிற்கும். கடையிலேயே உதட்டை வெர்னியரில் பிடித்துப் பாருங்கள்.

நான் ஆரம்ப காலத்தில் 'பெரிசா இருந்தா பலமா இருக்கும்' என்று பெரிய போஸ்ட்டை வாங்கி, டூல் 3 மி.மீ. மேலே நின்றபோது விழித்தவன். போஸ்ட் உட்காரும் மேல் ஸ்லைடையே மில்லிங்கில் சீவிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். செய்யாதீர்கள், சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. 20 ஷாங்க்கை 16 ஆக மாற்றினேன், 4 மி.மீ. இறங்கியது, பிரச்சினை தீர்ந்தது. மறுபக்கம், போஸ்ட் சிறியதாகி டூல் கீழே நின்றால் அடியில் ஒரு கனத் தகடு கடைந்து வைத்துக்கொள்ளலாம். ஆகவே இரண்டு சைஸுக்கு நடுவே தடுமாறினால் சிறியதை எடுங்கள்.

அடுத்து வெட்ஜா, பிஸ்டனா. பிஸ்டன் வகையில் கைப்பிடியைத் திருப்பினால் உள்ளிருந்து ஒரு பிஸ்டன் வந்து ஹோல்டரின் முதுகைத் தள்ளும். ஹோல்டர் போஸ்ட்டை விட்டு வெளியே தள்ளப்பட்டு டவ்டெயிலில் (புறாவால் வடிவப் பள்ளத்தில்) இறுகும். வெட்ஜில் ஆப்பு நகர்ந்து ஹோல்டரை உள்ளே இழுத்து, போஸ்ட்டின் முகத்தோடு ஒட்ட வைக்கும். சாதா டர்னிங்கில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஜாபைத் துண்டாக வெட்டும் பார்ட்டிங் டூல் போட்டால் தெரியும். ஷாஃப்ட் வேலை செய்கிற உங்களுக்கு வெட்ஜ் என்பதே என் கருத்து. ஆனால் வெட்ஜ் வாங்கிவிட்டு ஹோல்டருக்குக் காசில்லாமல் நிற்பதைவிட, பிஸ்டனோடு எட்டு ஹோல்டர் மேல்.

ஏனென்றால் நேரம் மிச்சமாவது போஸ்ட்டால் அல்ல, ஹோல்டரால். ஒரு டூலுக்கு ஒரு ஹோல்டர், உயரம் ஒரு தடவைதான் பிடிப்பது. செட்டோடு வருகிறவை போதாமல், ஒரே ஹோல்டரில் டூலை மாற்றி மாற்றிக் கட்டினால் பழைய தகடு வேலையே திரும்பி வரும். வேறு கடையில் ஹோல்டர் வாங்கினால், வரிசை எண் ஒன்றாக இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். போஸ்ட்டைக் கையோடு எடுத்துப்போய் மாட்டிப் பாருங்கள்.

மேல் ஸ்லைடில் போஸ்ட்டைப் பிடிக்க நிற்கும் ஸ்டட்டின் (மரையுள்ள தண்டு) விட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். போஸ்ட்டின் ஓட்டை பெரிதாக இருந்தால் ஒரு புஷ் கடைந்து போடுங்கள், உங்களுக்கு அது பத்து நிமிட வேலை. ஓட்டை சிறிதாக இருந்தால் போஸ்ட்டைக் குடையாமல் ஸ்டட்டை மாற்றுங்கள்.

பழைய நாலு முகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரே மாதிரி ஐம்பது புஷ், மூன்றே டூல் என்றால் அதைத் திருப்பித் திருப்பி அடிப்பதுதான் வேகம்.

புதியது வந்ததும் உயரம் பிடிக்க ஒரு சுலப வழி: லேத்தை நிறுத்திவிட்டு, சக்கில் உருண்டையான ஜாப் ஒன்றைப் பிடித்து, அதற்கும் டூல் முனைக்கும் நடுவே ஆறு அங்குல ஸ்கேலை மெதுவாக இடுக்குங்கள். அழுத்தினால் கார்பைடு முனை உடையும். ஸ்கேல் நேராக நின்றால் சென்டர் சரி. அதன் தலை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் கீழே இருக்கிறது, அந்தப் பக்கம் சாய்ந்தால் மேலே. அப்புறம் ஒரு ஃபேஸிங் (ஜாபின் முகத்தைச் சீவுவது) போட்டுப் பாருங்கள். நடுவில் முளை நின்றால், முனை எவ்வளவு தவறியதோ அதில் இரு மடங்கு அதன் விட்டம், 1 மி.மீ. முளை என்றால் அரை மில்லிமீட்டர் தவறு. முளை போனதும் ஹோல்டரின் லாக் நட்டை இறுக்கிவிடுங்கள்.