ஆதாரில் பிறந்த ஆண்டைத் திருத்திய மகன்: "நான் முடித்துத் தருகிறேன்" என்பவரை நம்பலாமா?

கேள்வி: என் மகனுக்கு 18 வயது 4 மாதம் ஆகிறது. கோவையில் கல்லூரி முதலாண்டு படிக்கிறான். பிளஸ் டூவில் இருந்தபோதே, மொபைலில் தன் ஆதார் படத்தைத் திருத்தி 21 வயது முடிந்தவன்போல் ஆண்டை மாற்றி வைத்திருக்கிறான். போன மாதம் அதைக் காட்டி ஓரிடத்தில் பீர் வாங்கி, 17 வயது நண்பனுடன் குடித்தானாம். போன வாரம் ஒரு ஹோட்டல் பாரில் மேனேஜர் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து கண்டுபிடித்துவிட்டார். போலீசில் புகார் கொடுப்பதாகச் சொல்லி போன் நம்பரை வாங்கிக்கொண்டார். எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவர், "40 ஆயிரம் கொடுங்கள், ஸ்டேஷனில் பேசி முடிக்கிறேன். அசல் ஆதாரிலேயே ஆண்டை மாற்றிவிட்டால் போலி என்ற பேச்சே இருக்காது" என்கிறார். கொடுக்கலாமா?
— வாசகி, திருப்பூர்

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. உங்கள் மகன் செய்தது தவறுதான். ஆனால் அந்த ஆள் சொல்வதைக் கேட்டால் அது பல மடங்கு பெரிதாகும்.

தமிழ்நாட்டில் 21 வயது முடியாதவருக்கு மது விற்கக் கூடாது. 2003-ஆம் ஆண்டின் மதுபான சில்லறை விற்பனை விதிகள் சொல்வது இது. கோவையிலிருந்து ஒரு மணி நேரத்தில் பாலக்காடு போய்விட்டால் அங்கே 23. இந்த விதி முக்கியமாக விற்பவரைக் கட்டுப்படுத்துவது. பையன் பீர் கேட்டான் என்பது மட்டும் விஷயமாக இருந்தால் கண்டித்து அனுப்புவதோடு முடிந்திருக்கும். கனமான விஷயம் அந்தப் படம்.

அரசு தரும் அடையாள ஆவணத்தைப் போலியாகச் செய்வது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 337-ஆவது பிரிவில் வருகிறது. ஆதார், வாக்காளர் அட்டை இரண்டையும் அந்தப் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தண்டனை 7 ஆண்டு வரை. போலி என்று தெரிந்தே அதைக் காட்டினால் 340-ஆவது பிரிவின்படி, தயாரித்தவருக்கு உள்ள அதே தண்டனை. காகிதமே இல்லை, போனில் இருந்த படம்தானே என்ற வாதம் எடுபடாது. மின்னணு ஆவணமும் ஆவணம்தான். திருத்தும் ஆப்பால் எழுத்தைத்தான் மாற்ற முடியும். க்யூ.ஆர். கோடுக்குள் இருக்கும் விவரம் ஆதார் ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பத்தோடு வருவது. ஸ்கேன் செய்தால் அசல் ஆண்டுதான் வரும். மாட்டியது அப்படித்தான்.

இப்போது அந்த ஆள் சொல்லும் "அசல் ஆதாரிலேயே மாற்றம்". ஆதாரில் பிறந்த தேதியைச் சாதாரணமாக ஒரு முறைதான் திருத்த முடியும், அதற்கும் சான்று வேண்டும். உங்கள் மகனின் உண்மையான சான்றில் உண்மையான ஆண்டுதானே இருக்கும்? அப்படியென்றால் அவர் ஒரு போலிப் பிறப்புச் சான்றிதழைத் தயாரித்து இணைக்கப் போகிறார் என்றே பொருள். நேற்றுவரை போனில் ஒரு படம் மட்டும் இருந்தது. நாளை அரசுப் பதிவேட்டிலேயே பொய் ஏறும், விண்ணப்பத்தில் உங்கள் மகனின் கைரேகை இருக்கும். திருத்தம் எந்தத் தேதியில் நடந்தது என்பதும் ஆதாரின் பதிவில் நிற்கும், உயர் நீதிமன்ற உத்தரவு பெற்று விசாரிப்பவர் அதை வாங்கலாம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஓர் ஆண்டு, ஆதாரில் வேறோர் ஆண்டு என்றால் பாஸ்போர்ட், கல்விக் கடன், வேலை என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று பதில் சொல்ல வேண்டும். அந்த ஒரே வாய்ப்பும் தீர்ந்திருக்கும். இப்படிச் சிக்கியவர்கள் அத்தனை பேரும் "சென்டர்காரர் பார்த்துக்கொள்வார்" என்று நம்பியவர்கள்தான். விண்ணப்பத்தில் அவர் பெயர் எங்கும் இருக்காது.

ஸ்டேஷனில் பேசுவதாகச் சொல்லும் 40 ஆயிரமும் அப்படித்தான். புகார் பதிவாகியிருக்கிறதா என்பதே இன்னும் தெரியவில்லை, இல்லாத வழக்கை முடிக்கவும் பணம் வாங்குவார்கள். உண்மையிலேயே அதிகாரிக்குப் போய்ச் சேர்ந்தாலும், 2018 திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டத்தில் லஞ்சம் கொடுப்பவருக்கும் 7 ஆண்டு வரை தண்டனை உண்டு. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் 7 நாளுக்குள் புகார் கொடுத்தால்தான் தப்ப முடியும்.

உங்கள் மகன் விஷயத்தில் வயதுக் கணக்கு ஒன்று இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். சிறார் நீதிச் சட்டம் குற்றம் நடந்த நாளில் இருந்த வயதைத்தான் பார்க்கும், பிடிபட்ட நாளின் வயதை அல்ல. படத்தைத் திருத்தியது பிளஸ் டூவில், 18 முடிவதற்கு முன் என்றால், தயாரித்த குற்றத்துக்கு அவன் சிறுவன். அது சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் போக வேண்டும். அங்கே குற்றம் உறுதியானாலும் பிற்காலத்தில் வேலைக்கோ படிப்புக்கோ அது தகுதிக் குறைவாகாது. ஆனால் அதே படத்தைப் போன மாதமும் போன வாரமும் காட்டியது 18-க்குப் பிறகு. அது தனிக் குற்றம், அதற்கு அவன் பெரியவன். ஒரே படம், இரண்டு வயது, இரண்டு மன்றம். வழக்கறிஞரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். வயதை நிரூபிக்கச் சிறார் நீதிச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு முதலில் கேட்பது பள்ளிச் சான்றிதழை, அது இல்லாவிட்டால் உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்றை. இரண்டையும் எடுத்து வையுங்கள். இந்த நேரத்தில் ஆதாரில் ஆண்டை மாற்றினால், மகனுக்குச் சாதகமான இந்த வாதத்தை நீங்களே குழப்பியதாகும்.

17 வயது நண்பனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. என் கவலை அங்கேதான் அதிகம். 18 முடியாதவருக்கு மது கொடுப்பவருக்குச் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். கொடுத்தவருக்கும் 18தான் என்பதால் விலக்கு கிடையாது. 18 முடிந்தவனைக் குற்றவியல் சட்டம் முழு ஆளாக நடத்துகிறது. மதுச் சட்டம் 21 வரை பையனாகவே வைத்திருக்கிறது. இந்த மூன்று ஆண்டு இடைவெளியைப் பற்றி எந்தக் கல்லூரியும் சொல்லித் தருவதில்லை. கடைகளில் "21 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பனை இல்லை" என்று பலகை தொங்கும், சான்று கேட்டுப் பார்க்கும் ஆள்தான் அபூர்வம். ஒவ்வொரு கவுன்ட்டரிலும் வயதைச் சரிபார்த்திருந்தால் உங்கள் மகன் முதல் நாளிலேயே வெறுங்கையோடு திரும்பியிருப்பான். விற்கும்போது பார்க்காமல், பிறகு பையன்மேல் பிரிவுகளை அடுக்குவதில் யாருக்கு என்ன பயன்?

இப்போது செய்ய வேண்டியவை. அந்தப் படத்தை இனி யாருக்கும் அனுப்பக் கூடாது, எங்கும் காட்டக் கூடாது. பதற்றத்தில் அழிக்கவும் வேண்டாம், சாட்சியத்தை அழித்ததாகப் பேசப்படும். வழக்கறிஞரைக் கேட்டுச் செய்யுங்கள். பார் மேனேஜரைத் தேடிப் போய்க் கெஞ்சவோ, மன்னிப்புக் கடிதம் எழுதித் தரவோ வேண்டாம், அந்தக் கடிதமே ஒப்புதலாகிவிடும். சம்பவ இடத்து ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) அல்லது சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) பதிவாகியிருக்கிறதா என்று வழக்கறிஞர் மூலம் விசாரியுங்கள்.

7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றத்தில் உடனே கைது என்பது கட்டாயமில்லை. கைது, விசாரணை நடைமுறைகளைச் சொல்லும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 35(3) பிரிவில் எழுத்து மூலம் நோட்டீஸ் தந்து அழைக்கலாம். சொன்ன நாளில் ஆஜராகி ஒத்துழைப்பவரைக் கைது செய்ய, போலீஸ் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அப்படி நோட்டீஸ் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஆகவே போனில் வரும் "நோட்டீஸ்" படத்தைப் பார்த்துப் பயந்து பணம் அனுப்பாதீர்கள்.

வழக்கு என்றே வந்து குற்றம் உறுதியானாலும், 21 வயதுக்குக் குறைந்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையில் விடுவதையே 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு முதலில் எதிர்பார்க்கிறது. சிறைதான் என்றால் நீதிபதி காரணம் எழுத வேண்டும்.

வழக்கறிஞருக்குச் செலவழிக்க வசதி இல்லையென்றால் இலவசச் சட்ட உதவி எண்ணான 15100-க்கு அழையுங்கள், அல்லது கோவை நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். மனு எழுதித் தர வாசலில் 500 ரூபாய் கேட்பவரிடம் போகாதீர்கள். உள்ளே படிவம் இலவசம்.