அண்ணா நகர் வீட்டை அடகு வைத்து டெக்சாஸில் வீடு வாங்கலாமா?

வணக்கம் சார். அமெரிக்காவில் கிரெடிட் ஸ்கோர் இல்லை, அதனால் மதுரை அண்ணா நகர் வீட்டை அடகு வைத்து டெக்சாஸில் வாடகைக்கு விட வீடு வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அந்தப் பத்திரத்தைத் தொடாதீர்கள். வெளிநாட்டில் சொத்து வாங்க எல்ஆர்எஸ் (இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் திட்டம்) வழியாக அனுப்பும் பணத்துக்கு இங்குள்ள வங்கி கடன் தர இடமில்லை. சொந்தச் சேமிப்பாக இருக்க வேண்டும். நிதியாண்டுக்கு ஒருவர் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். உங்கள் மனைவியும் தன் பங்குக்கு அனுப்பலாம்.

மேல மாசி வீதி வங்கியில் நான் ஏ2 படிவம் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கொடுக்கும் விண்ணப்பம்) கொடுத்தபோது, காரணத்தில் குடும்பச் செலவு என்று எழுதியிருந்ததைக் கவுண்டரில் இருந்த அம்மா அடித்துவிட்டு எஸ்0005 என்று போடச் சொன்னார். ரியல் எஸ்டேட்டுக்கு அதுதான் குறியீடு. நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் (வங்கி முன்கூட்டியே வாங்கும் வரி) பிடிப்பார்கள். வருமான வரி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கும்.

அங்கே டிஎஸ்சிஆர் என்றொரு கடன் உண்டு. ஸ்கோரை விட, வாடகை தவணையைத் தாங்குமா என்றுதான் பார்ப்பார்கள். முன்பணமும் வட்டியும் அதிகம். ஆனால் வெளிநாட்டில் சொத்து வாங்க ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) விதி அனுமதிக்கும் வழிகளில் அயல்நாட்டுக் கடனை வெளிப்படையாகச் சொல்லவில்லை. கையெழுத்துக்கு முன் ஃபெமா தெரிந்த ஆடிட்டரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். அப்புறம், வீடு வாங்கியதும் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட மறக்காதீர்கள்.