மறைத்த சொத்து, மேல்முறையீடு, ஜீவனாம்சம்: கேள்வி பதில்

சிங்கப்பூரில் குடும்ப வழக்குகள் நடத்தும் அலுவலகத்தில் பல வருடங்கள் கோப்புகளோடு இருந்தவள் நான், வழக்கறிஞர் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். முடிவெடுக்கும் முன் உங்கள் வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

ஈசூனிலிருந்து: அக்கா, கணவர் சொத்து விவரத்தில் வீவக வீட்டையும் (அரசு அடுக்குமாடி வீடு) மசே நிதியையும் (மத்திய சேம நிதி, ஓய்வுகாலச் சேமிப்பு) மட்டும் காட்டினார். ஊருக்கு அனுப்பிய பணத்தில் புதுக்கோட்டையில் அவர் அண்ணன் பெயரில் நிலம் வாங்கியிருக்கிறார். தீர்ப்பு வந்துவிட்டது. மேல்முறையீட்டில் சொன்னால் எடுபடுமா?

முதலில் தேதியைப் பாருங்கள் தங்கச்சி. குடும்ப நீதிமன்றத் தீர்ப்பு என்றால் மேல்முறையீட்டு அறிவிப்புக்கு 14 நாள்தான். மேல்நீதிமன்றம் வழக்கை முதலிலிருந்து விசாரிக்காது, கீழ்நீதிபதி எங்கே தவறினார் என்றுதான் பார்க்கும். புதுச் சான்று கொண்டுபோனால், "இதை ஏன் அப்போதே காட்டவில்லை?" என்று கேட்பார்கள். அதற்கு நல்ல பதில் வேண்டும்.

வெறும் சந்தேகம் நிற்காது. யூஇசட்என் எதிர் யூஇசட்எம் (பெயரை மறைக்க இப்படி எழுத்துகளால் குறிப்பார்கள்) வழக்கில் 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. மறைத்திருக்கிறார் என்று நம்ப அடிப்படைச் சான்று இருக்க வேண்டும்; மறைத்த விவரம் அவர் கைக்கு எட்டுவதாகவும் இருக்க வேண்டும். அப்படியானால் நீதிபதி மறைத்த தொகையை மதிப்பிட்டுச் சொத்துக் கணக்கில் சேர்க்கலாம், அல்லது உங்கள் விழுக்காட்டைக் கூட்டலாம். தேக்காவில் பணம் அனுப்பிய ரசீது, நிலம் பதிந்த மாதத்து வாட்ஸ்அப் பேச்சு, இவைதான் அந்த அடிப்படை. அண்ணன் வழக்கில் இல்லாததால் நிலத்தை எழுதிக்கொடுக்கச் சொல்லி அவருக்கு உத்தரவு போட முடியாது. அதன் மதிப்பைக் கணவர் கணக்கில் வைக்கும்படி கேட்கலாம். "வீட்டு விஷயம், கோர்ட்டுக்கு எதற்கு" என்று இந்தக் காகிதங்களை ஒளித்துவைத்த எத்தனையோ பெண்களைப் பார்த்திருக்கிறேன். இன்றும் மனசு ஆறவில்லை.

ஜூரோங் தம்பி: மனைவி விவாகரத்து மனுப் போடுவதற்குச் சில வாரம் முன்பு கூட்டுக் கணக்கிலிருந்து பெரிய தொகையை எடுத்துவிட்டார். போனது போனதுதானா?

இல்லை. விவாகரத்து நெருங்கிய நேரத்தில் மற்றவர் சம்மதமில்லாமல் பெரிய தொகையைச் செலவழித்தால் அதைச் சொத்துக் கணக்கில் திரும்பச் சேர்க்கலாம். 2017-ல் வந்த ஒரு தீர்ப்பு இதைச் சொல்கிறது. பங்கைக் குறைக்கவே சொத்தைக் கைமாற்றியிருந்தால், முந்தைய 3 ஆண்டுகளில் நடந்ததை ரத்துசெய்ய மாதர் சாசனம் என்ற குடும்பச் சட்டம் இடம் கொடுக்கிறது. கணக்கு அறிக்கையை இன்றே எடுத்து வையுங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து: "அப்பீல் போட்டிருக்கிறேன்" என்று சொல்லிக் கணவர் பிள்ளைகளின் பராமரிப்புத் தொகையை நிறுத்திவிட்டார் அக்கா.

அப்பீல் போட்டதால் மட்டும் உத்தரவு நிற்காது. நிறுத்திவைக்கத் தனியாக நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும். அது வரை மாதாமாதம் பாக்கி ஏறும். 16 ஜனவரி 2025 முதல் பராமரிப்பு அமலாக்க அதிகாரிகள் இருக்கிறார்கள். வங்கிகளிடமும் அரசு அமைப்புகளிடமும் அவர் நிதி நிலையைக் கேட்டறிய முடியும். பாக்கியைத் தள்ளிப்போடாதீர்கள், 3 ஆண்டுக்கு மேற்பட்டதை வசூலிப்பது கஷ்டம். அவர் வேண்டுமென்றே கட்டாமல் இருந்தால் சிறைக்கும் வழி உண்டு. பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசு, கூச்சப்பட வேண்டாம்.

பொங்கோல்: எனக்கு வேலை போய்விட்டது. பராமரிப்புத் தொகையைக் குறைக்க அப்பீலா?

அப்பீல் இல்லை தம்பி. நிலைமை மாறிவிட்டது என்று உத்தரவை மாற்றக் கேட்டு மனுப் போடுங்கள். அதுவரை நிறுத்திவிடாதீர்கள்.

தெம்பனிஸ்: நாங்கள் முஸ்லிம்கள். இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

இஸ்லாமிய முறையில் திருமணம் செய்துகொண்ட முஸ்லிம்களின் விவாகரத்தும் சொத்துப் பங்கீடும் ஷரியா நீதிமன்றத்தில். மேல்முறையீட்டுக்கும் தனி வாரியம் உண்டு.

அங் மோ கியோ: கணவரின் வங்கிக் கடவுச்சொல் எனக்குத் தெரியும். உள்ளே போய்ப் படம் எடுத்துவிடட்டுமா?

வேண்டாம் தங்கச்சி, தயவுசெய்து வேண்டாம். அனுமதியில்லாமல் அடுத்தவர் கணக்குக்குள் நுழைவது இங்கே குற்றம். ஏமாற்றப்பட்டவர் நீங்கள், கடைசியில் காவல்துறைக்குப் பதில் சொல்பவரும் நீங்களாகிவிடக் கூடாது. எந்த வங்கி, எந்த வருடம் என்று குறித்து, ஆவணங்களை வெளியிடச் சொல்லி நீதிமன்றம் மூலம் கேளுங்கள். அப்படிக் கேட்டும் கொடுக்கவில்லை என்றால், அந்த மறுப்பே உங்கள் பக்கம் பேசும்.