பசு 'மியாவ்' என்றால் என்ன கெட்டுவிடும்?

கேள்வி: இரண்டு வயது மகளுக்கு ஒரு படப் புத்தகம் பரிசாக வந்தது. அதில் பசு 'மியாவ்' என்கிறது. யானை தும்பிக்கையில் காலுறை மாட்டிக்கொள்கிறது. மொத்தம் நாற்பது சொற்கள்கூட இல்லை, நீதியும் இல்லை. இப்படித் தவறாகச் சொல்லிக்கொடுத்தால் குழந்தை குழம்பாதா? இதையெல்லாம் எதற்காக அச்சிடுகிறார்கள்?

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரு செய்தி விடுபட்டிருக்கிறது. அந்தப் பசுவைப் பார்த்து உங்கள் மகள் சிரித்தாளா?

சிரித்தாள் என்றால், பசு எப்படிக் கத்தும் என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாத குழந்தைக்கு 'மியாவ்' இன்னொரு சத்தம், அவ்வளவுதான். நீங்கள் தவறு என்று நினைக்கும் பக்கம் அவள் கற்றதைச் சோதித்துப் பார்க்கிறது. அவள் சிரிப்புதான் விடை. மரக்கட்டையைக் காதில் வைத்து 'ஹலோ' என்று பேசும் வயது இது. கட்டை தொலைபேசி அல்ல என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். குழப்பம் அவளுக்கு இல்லை.

விலங்குகளின் குரல் அற்பமான விஷயமும் அல்ல. கொமேனியஸ் என்ற கல்வியாளர் 1658இல் குழந்தைகளுக்காகப் படங்களோடு ஒரு பாடநூல் வெளியிட்டார். லத்தீன் கற்பிக்கும் அந்த நூலில் எழுத்துகளின் ஒலியைக் காட்ட அவர் அழைத்து வந்தது பெரும்பாலும் விலங்குகளையும் பறவைகளையும்தான். காகம் கரைகிறது, ஆட்டுக்குட்டி கத்துகிறது, கரடி உறுமுகிறது.

அடுத்து, நாற்பது சொற்கள். யானைப் பக்கத்தை மறுபடி பாருங்கள். எழுத்தில் 'யானைக்குக் குளிர்கிறது' என்று மட்டும் இருந்தால் எழுதியவர் கெட்டிக்காரர். காலுறை படத்தில்தான் இருக்க வேண்டும். எழுத்தை வாசிப்பவர் நீங்கள். படத்தை வாசிப்பவள் அவள். நீங்கள் சொல்லாத ஒன்றை அவள் கண்டுபிடித்து விரலால் சுட்டுகிறாள். வீட்டில் எல்லோரையும்விடக் குறைவாகத் தெரிந்தவளாகவே நாள் முழுவதும் இருக்கும் ஒருத்திக்கு, அந்த ஒரு நொடி உங்களைவிட அதிகம் தெரிகிறது! அதைப் பறிக்க ஒரு வரி கூடுதலாக எழுதினால் போதும்.

இத்தகைய புத்தகங்கள் எல்லாமே நல்லவை என்று நான் சொல்லவில்லை. பசுவும் நாயும் ஒரே உருண்டைக் கண்ணோடு ஒரே பொம்மை போல வரையப்பட்டிருந்தால், அதை மூடி வைத்துவிடுங்கள். பசு பசுவாகவே இருந்தால்தான் 'மியாவ்' வேடிக்கை. பெரியவர்களுக்குக் கண்ணடிக்கும் நகைச்சுவையும் வேண்டாம். கடைசிப் பக்கத்தில் 'ஆகவே நாமும் தினமும் பல் துலக்குவோம்' என்று முடிப்பவர்கள் மீது எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு. குழந்தையின் சிரிப்புக்குக் கட்டணம் கேட்கும் வேலை அது.

இன்று இரவு மகளை மடியில் வைத்துக்கொண்டு அதே புத்தகத்தை எடுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டுவதற்கு முன் கொஞ்சம் நிறுத்துங்கள். முடிந்ததும் 'இன்னொரு முறை' என்பாள், அலுக்காமல் படியுங்கள். பலமுறை கேட்ட பிறகு, பக்கம் திரும்பும் முன்பே அவள் சிரிக்கத் தொடங்குவாள். பசு 'மியாவ்' என்றதும் 'இல்லை!' என்று கத்தினால், பிறகு எப்படிக் கத்தும் என்று அவளிடமே கேளுங்கள்.