பத்து வருடம் ஆங்கிலம் படித்தும் நம் பிள்ளைகளுக்கு ஏன் பேச வரவில்லை? ஆசிரியர்களுக்கே ஆங்கிலம் தெரியாததுதான் காரணமா?

கேள்வியின் இரண்டாம் பாதி என்னைச் சுட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படிக்கிறது, அல்லது நீங்களே தமிழ் வழியில் படித்துவிட்டு ஏதோ ஒரு நேர்காணலில் வாய் வராமல் உட்கார்ந்திருந்தீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். அந்த வலி எனக்கும் தெரியும், நானும் தமிழ் வழிதான். இப்போது விழுப்புரத்துக்கு மேற்கே ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியை. ஆகவே இது நடுநிலைப் பதில் இல்லை, உள்ளே இருப்பவளின் பதில்.

ஆங்கிலம் சரளமாகப் பேச வராத ஆங்கில ஆசிரியர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆனால் அவர்கள் எப்படி வந்தார்கள் என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா? பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் மில்டனையும் வேர்ட்ஸ்வொர்த்தையும் நோட்ஸ் வைத்து எழுதித் தேறுகிறோம். பி.எட். முடிக்கிறோம். பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வு, அதாவது டெட். 2012-இல் தமிழ்நாட்டில் முதல் டெட் நடந்ததிலிருந்து இதுதான் கணக்கு: இரண்டாம் தாளின் 150 மதிப்பெண்ணில் ஆங்கிலத்துக்கு 30. மீதியில் 60 மதிப்பெண் கணிதம்-அறிவியல் அல்லது சமூக அறிவியல். இலக்கியம் படித்தவர்கள் பெரும்பாலும் சமூக அறிவியலைத்தான் எடுப்போம். ஆங்கிலம் சொல்லித்தரப் போகிறவள் ராத்திரி பகலாக உருட்டியது குப்தர்களையும் பருவக்காற்றையும். அந்த 30 மதிப்பெண்ணும் கொள்குறி வினாக்கள்தான். படித்த காலத்திலும் சரி, வேலைக்கு வந்த பிறகும் சரி, "ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசுங்கள் அம்மா" என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை.

இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். நாளைக்கே சரளமாகப் பேசுகிற ஆசிரியர் ஒருவரை உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போட்டாலும் பிள்ளைகளுக்குப் பேச்சு வந்துவிடாது. காரணம் வினாத்தாளில் இருக்கிறது.

பத்தாம் வகுப்பு ஆங்கிலம் 100 மதிப்பெண். நூறும் எழுத்துத் தேர்வு, வாய் திறப்பதற்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. அதே பிள்ளைக்கு அறிவியலில் 75 எழுத்து, 25 செய்முறை. அமிலத்தையும் காரத்தையும் கையால் தொட்டுப் பார்க்காமல் வேதியியல் வராது என்று அரசுக்குத் தெரிந்திருக்கிறது. பேசாமல் மொழி வரும் என்று மட்டும் எப்படி நினைத்தார்கள்?

வினாத்தாளைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லி ஒரு கேள்வி வரும். பிள்ளையின் சொந்தச் சொற்களைக் கொண்டுவர வைத்த நல்ல கேள்விதான். பையன்கள் என்ன எழுதுகிறார்கள் தெரியுமா? "திஸ் இஸ் எ குட் பிக்சர். இட் இஸ் வெரி கலர்ஃபுல். ஐ லைக் திஸ் பிக்சர் வெரி மச்." படம் கறுப்பு வெள்ளையில் அச்சாகியிருக்கும், வெள்ளத்தில் வீடு இழந்தவர்கள் நிற்பார்கள். விடையில் கலர்ஃபுல். மெல்லக் கற்போர் கையேட்டில் "எந்தப் படம் வந்தாலும் இதை எழுதுக" என்று போட்டிருப்பதால் அப்படி எழுதுகிறார்கள். ரோடு மேப் கேள்விக்கும் அதே கதிதான். வழி கேட்பவருக்கு மேப்பைப் பார்த்து வழி சொல்ல வேண்டும். "கோ ஸ்ட்ரெய்ட், டேக் த செகண்ட் லெஃப்ட்" என்று மனப்பாடமாக இறங்கும், மேப்பில் இடப்பக்கம் தெருவே இல்லாவிட்டாலும்.

இந்த ரோடு மேப்பைப் பற்றிப் பேசினால் எனக்கு ஆற்றாமை வரும். மேப், ரயில் கால அட்டவணை மாதிரி ஏதாவது ஒன்றைக் கொடுத்து, அதை வைத்து ஒரு வேலையை முடிக்கச் சொன்னால் பிள்ளைகள் அந்த வேலையின் போக்கில் மொழியைப் பிடித்துக்கொள்வார்கள் என்று செய்து பார்த்தவர் என்.எஸ்.பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தவர். 1979-லிருந்து 1984 வரை பெங்களூர், சென்னைப் பக்கத்துப் பள்ளிகளில், சாதாரண வீட்டுப் பிள்ளைகளை வைத்து நடத்தினார். இலக்கணப் பட்டியல் கிடையாது, மனப்பாடம் கிடையாது. ஆங்கிலம் கற்பிப்பது பற்றி உலகத்தில் எங்கே படித்தாலும் "பெங்களூர் திட்டம்" என்று இதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். நம் பிள்ளைகளிடம் பிறந்த முறை அது. அதன் எலும்பு நம் வினாத்தாளில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகக் கிடக்கிறது, உயிர் கையேட்டில் போய்விட்டது.

என் அனுபவத்துக்கு வருகிறேன். எட்டாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை, கொஞ்சம் மூச்சு விடலாம். ஒரு வருடம் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் எழுதியிருக்கும் நேரப் பலகையைப் பார்த்து எழுதிவந்து, திருவண்ணாமலை, திருக்கோவிலூர், விழுப்புரம் என்று சார்ட்டில் ஒட்டினேன். கேள்வி இதுதான்: அத்தை திருவண்ணாமலையில் இருக்கிறார், சாயங்காலம் ஆறு மணிக்குள் போகவேண்டும், வழியில் திருக்கோவிலூரில் இறங்கி மாமாவிடம் ஒரு பை வாங்கவேண்டும், எந்த பஸ்ஸில் ஏறுவீர்கள்? குழுவாகப் பேசிவிட்டு ஆங்கிலத்தில் வந்து சொல்லவேண்டும். தப்பானாலும் பரவாயில்லை, சிரிக்கக் கூடாது.

முதல் குழு ஒரு பஸ்ஸைச் சொன்னது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்துவிட்டான். அதுவரை வருகைப் பதிவுக்கு "எஸ் மிஸ்" சொன்னதைத் தவிர என் வகுப்பில் அவன் வாயைத் திறந்ததில்லை. "நோ மிஸ். தட் பஸ் நாட் டெய்லி. ஃபுல் மூன் ஒன்லி." கிரிவலத்துக்கு விடுகிற சிறப்புப் பேருந்து அது. அவனுடைய அப்பா பௌர்ணமிக்குப் பௌர்ணமி அங்கே தேங்காய்க் கடை போடுகிறவர், மகனும் கூடப் போவான். நான் "வாட் வில் யூ டூ தென்?" என்றேன். "கோ பிஃபோர் பஸ் மிஸ். ஸ்டாண்டிங். நோ சீட்." என்று கையைத் தூக்கிக் கம்பியைப் பிடிப்பது போலக் காட்டினான். இலக்கணம் சரியில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவன் என்னைத் திருத்தினான், காரணம் சொன்னான், மாற்றுவழி சொன்னான். எல்லாம் ஆங்கிலத்தில். மொழியின் வேலை அதுதானே. அந்தப் பாடவேளை முடிந்து மணி அடித்தும் நாலைந்து பேர் சார்ட்டை விட்டு நகரவில்லை.

இரண்டு வருடம் கழித்து அதே பையன் பத்தாம் வகுப்பில் மெல்லக் கற்போர் பட்டியலில் வந்தான். அரையாண்டில் ஆங்கிலத்தில் இருபதைத் தாண்டவில்லை. மேலிடத்தில் ஆய்வுக் கூட்டம் நடந்தது. பாடவாரியாகத் தேர்ச்சி விழுக்காட்டைத் திரையில் போட்டு, குறைந்த பள்ளியின் ஆசிரியர்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். தலைமையாசிரியர் திரும்பி வந்து, "டீச்சர், இனிமே புதுசா எதுவும் வேணாம். மினிமம் மெட்டீரியலை மட்டும் பிடிங்க" என்றார். தேறுவதற்கு மட்டும் போதுமான அந்தக் கையேட்டைத்தான் அப்படிச் சொல்வோம். அவரைக் குறை சொல்லமாட்டேன், அவரும் அந்தக் கூட்டத்தில் நின்றவர்தான். நான் மெட்டீரியலைக் கொடுத்தேன். கலர்ஃபுல் பிக்சரும் கோ ஸ்ட்ரெய்ட்டும் மனப்பாடச் செய்யுளும் அவனுக்கு இறங்கின. தேறினான். கொடுக்காமல் இருந்திருந்தால் அவனுக்கு ஐடிஐயில் இடம் கிடைத்திருக்காது. "ஆசிரியர்களே மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு ஒப்பாரி வைக்கிறீர்களே" என்று கேட்பவர்கள் முதலில் அவன் வீட்டில் போய் அவன் அம்மாவிடம் அதைச் சொல்லட்டும்.

ஆனால் எட்டாவதில் என்னிடம் ஆங்கிலத்தில் வாதாடிய பையன், பத்தாவது முடிக்கும்போது "இங்கிலீஷ் எனக்கு வராது மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதை நம்பியும் போனான். உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இவன்தான்.

ஆங்கில வழிப் பிரிவையும் சொல்லவேண்டும். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் பரவலாகத் திறந்தார்கள். பெற்றோர் கேட்டது நியாயம். ஆனால் அதே ஆசிரியர், அதே பணியிடம். தமிழ் வழியில் படித்து தமிழ் வழியில் நடத்திவந்த அறிவியல் ஆசிரியர் என்ன செய்வார்? தமிழில் விளக்கிவிட்டு ஆங்கிலத்தில் விடை எழுதிப் போடுவார். பிள்ளை அதைப் பார்த்து எழுதும். இதனால் அறிவியலும் போயிற்று, ஆங்கிலமும் வரவில்லை. தமிழில் பேசினால் அபராதம் போடுகிற தனியார் பள்ளிகளை இதற்கு மாற்றாகச் சொல்லாதீர்கள். அங்கே படித்து வந்து என் வகுப்பில் சேர்ந்த ஒரு பெண் குழந்தை எந்த மொழியிலும் பேசப் பயந்து பல மாதம் உட்கார்ந்திருந்தது.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். காலையில் முதல் பாடவேளை, பிள்ளைகள் தெளிவாக இருக்கிற நேரம், செல்போனில் வருகைப் பதிவு ஏற்றுவதில் போகிறது. சிக்னல் கிடைக்காமல் மைதானத்து வேப்பமரத்தடியில் போய் நிற்போம். எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ரத்தவகை, வங்கிக் கணக்கு, ஆதார் எல்லாம் நாங்கள்தான் ஏற்றவேண்டும். ஒரு ஆதாரில் இனிஷியல் மாறியிருந்தால் அதற்காக ஒரு வாரம் அலைகிறோம். அந்த நேரத்தில் ஒரு வகுப்பு முழுவதையும் பேச வைத்திருக்கலாம்.

பயிற்சி கொடுக்கிறார்களே என்பீர்கள். கொடுக்கிறார்கள். மாநிலத்தில் சிலருக்கு, அவர்கள் மாவட்டத்துக்கு, அவர்கள் வட்டார வள மையத்துக்கு. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு ஏறக்குறைய 27,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை நோக்கி நம் மாநிலம் ஆரம்பித்த முறையும் இதே படிக்கட்டுதான். மேல் படியில் மூன்று வாரம் பேசிப் பழகியது எங்களிடம் வரும்போது பவர்பாயிண்டாக வரும். எங்களுக்கு வந்த கருத்தாளர் பேசும் திறன் பற்றிய பயிற்சியைத் தமிழில்தான் நடத்தினார். நல்ல மனிதர். அவரையும் யாரும் பேசவைத்ததில்லை.

உங்கள் பிள்ளைக்காகக் கேட்கிறீர்கள் என்றால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். "ஆங்கிலத்துக்கும் 25 மதிப்பெண் செய்முறை வேண்டும்" என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். சிபிஎஸ்இயில் பேசுதல், கேட்டலுக்கு அகமதிப்பீட்டில் இடம் இருக்கிறது, நமக்கு ஏன் இல்லை என்று கேளுங்கள். எங்கள் ஆசிரியர் கூட்டத்தில் நான் இதைச் சொன்னபோது, "எல்லாருக்கும் 25-க்கு 25 போட்டுவிடுவார்கள்" என்று ஒருவர் சொன்னார். போடட்டுமே. அறிவியலிலும் தாராளமாகத்தான் போடுகிறார்கள், ஆனாலும் அந்த மதிப்பெண்ணுக்காகவாவது பிள்ளை சோதனைக்குழாயைக் கையில் பிடிக்கிறது. யார் வந்து தேர்வு வைப்பது என்று இன்னொருவர் கேட்டார். பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைக்குப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் புறத்தேர்வாளராக வருவது போல, ஆங்கில ஆசிரியர் ஒருவர் வரட்டும். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம், அறுபது பேருக்கு ஐந்து மணி நேரம். ஒரே நாளில் முடிந்துவிடும். வருகிற ஆசிரியரும் ஆங்கிலத்தில் பேசித்தான் ஆகவேண்டும்.