பவளக்கல் கான்கிரீட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பவளக்கல் மென்மையான கல். அதை ஜல்லியாகப் போட்டால் கடலோரத்தில் தாங்குமா?

தாங்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கருங்கல் கிடைக்காத பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படைகள் பவள ஜல்லியில் கட்டின. பவளமும் சுண்ணாம்புக்கல் போல கால்சியம் கார்பனேட்தான். சிமென்ட் அதன் துளைகளில் இறங்கி நன்றாகவே பிடித்துக்கொள்ளும். கல்லே சீக்கிரம் உடைவதால், மிக உயர்ந்த வலிமையை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: அப்படியென்றால் கட்டிய சில வருடங்களிலேயே விரிசல் விட்டுக் கம்பி வெளியே தெரிவது ஏன்?

உப்புதான் காரணம். கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. உப்பிலுள்ள குளோரைடு அதைத் துளைத்துவிடும். துரு, இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு வரை இடம் கேட்கும். கான்கிரீட் பிளக்காமல் என்ன செய்யும்? சாதாரண ஜல்லி என்றால் கடலின் உப்பு வெளியிலிருந்து ஊடுருவிக் கம்பியைத் தொடப் பல வருடங்கள் ஆகும். கழுவாத பவளத்திலோ அது முதல் நாளே உள்ளே இருக்கிறது. அலை தெறிக்கும் உயரத்தில்தான் சேதம் அதிகம். அங்கே நனைந்து காய்ந்து உப்பு சேர்ந்துகொண்டே போகும், காற்றும் தாராளமாகக் கிடைக்கும். எப்போதும் மூழ்கியிருக்கும் பகுதியில் ஆக்சிஜன் குறைவு, துருவும் மெதுவாகத்தான் பிடிக்கும்.

கேள்வி: ஜல்லியைக் கழுவிவிட்டு, கலவைக்குக் கடல்நீர் ஊற்றலாமா?

இரும்புக் கம்பி இருந்தால் கூடவே கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 19 கிராம் குளோரைடு. 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் ஊற்றினால் 475 கிராம், அதாவது சிமென்ட் எடையில் 0.95 சதவீதம். ஐரோப்பியத் தரவிதி கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு அதிகபட்சம் 0.4 சதவீதம்தான் அனுமதிக்கிறது. கழுவுவதும் மேல் உப்பைத்தான் போக்கும். துளைகளில் இருப்பதைக் குறைக்க, நன்னீரில் ஊறவைத்து வடித்து, திரும்பவும் ஊறவைக்க வேண்டும். அப்புறம் குளோரைடு சோதனை. ஊறிய கல் கலவைத் தண்ணீரையும் உறிஞ்சாது.

கேள்வி: கண்ணாடி இழைக் கம்பி போட்டால்?

நல்ல யோசனை, அதற்குத் துரு கிடையாது. ஆனால் விறைப்பு எஃகில் கால்பங்கு அளவுதான். உத்திரம் அதிகம் தொய்யும். தளத்தில் வைத்து வளைக்கவும் முடியாது. எஃகுதான் வேண்டுமென்றால் இரும்பு உலைக் கசடு கலந்த சிமென்ட், குறைந்த தண்ணீர், கம்பிக்கு மேல் தடிமனான கான்கிரீட் உறை (கவர்) மூன்றும் சேர்ந்தே இருக்கட்டும்.

கேள்வி: விரிசலில் பூச்சு அடித்து மூடிவிடலாமா?

வேண்டாம். உள்ளே துரு தொடரும், பூச்சும் உதிரும். உப்பேறிய கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி எடுத்து, துருவைச் சுத்தமாக நீக்கிய பிறகே நிரப்புங்கள்.