முழங்கால் வலியும் மூளையின் வரைபடமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

படிக்கட்டு இறங்கும்போது என் வலது முழங்கால் திடீரென்று மடங்கிவிடுகிறது. எக்ஸ்ரேயில் தேய்மானம் குறைவுதான். நாள்பட்ட வலியால் மூளையிலும் மாற்றம் வந்திருக்கலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து வீட்டில் "எல்லாம் உன் மனப்பிரமை" என்கிறார்கள். (ஆசிரியை, வயது 56)

இந்தப் பதிலை முதலில் வீட்டில் உள்ளவர்களிடம் படிக்கக் கொடுங்கள். மூளையில் மாற்றம் என்பது வேறு, மனப்பிரமை என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி, வலியோடு நடமாடும் ஒருவரின் வாயை அடைப்பது எனக்குக் கோபமூட்டுகிற விஷயம்.

காலை நீட்டு, மடக்கு என்ற கட்டளை கிளம்புவது மூளையின் இயக்கப் புறணியிலிருந்து. மருத்துவர்கள் இதை மோட்டார் கார்டெக்ஸ் என்பார்கள். மாண்ட்ரீல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டும் எட்வின் போல்ட்ரியும், அறுவை சிகிச்சையின்போது விழித்திருந்த நோயாளிகளின் மூளைப் பரப்பில் மெல்லிய மின்சாரம் செலுத்தி, எந்த இடத்தைத் தூண்டினால் எந்த உறுப்பு அசைகிறது என்று குறித்து 1937இல் வெளியிட்டார்கள். முகமும் கையும் பக்கவாட்டில் வந்தன. காலுக்கான பகுதி, மூளையின் இரு பாதிகளுக்கும் நடுவிலுள்ள பிளவுக்குள் இறங்கியிருக்கிறது. இந்த வரைபடம் ஆயுள் முழுக்க அப்படியே இருப்பதில்லை. பயிற்சியும் மாற்றும், காயமும் மாற்றும், ஓயாத வலியும் மாற்றும்.

2015இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், முழங்கால் தேய்மானம் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து முழங்காலையும் கணுக்காலையும் அசைக்கச் சொன்னார்கள். தேய்மானம் உள்ளவர்களிடம் முழங்காலுக்கான மையம் முன்னோக்கி நகர்ந்திருந்தது. கணுக்கால் மையத்துக்கும் அதற்கும் இருக்கவேண்டிய முன்பின் வரிசைகூட மாறியிருந்தது. அதிகம் நகர்ந்தவர்களின் அசைவில் துல்லியமும் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், வலியால் மாற்றம் வந்ததா, மாற்றத்தால் வலி நீடித்ததா என்பதை இது தீர்த்துவைக்கவில்லை. ஆனால் முழங்கால் சில்லைச் சுற்றி வலி உள்ளவர்களிடம் செய்த இன்னோர் ஆய்வும் இதே திசையில்தான் கைகாட்டுகிறது. தொடையின் முன்பக்கத் தசைகளுக்கு மூளையில் தனித்தனியே இருக்கவேண்டிய பகுதிகள் அவர்களிடம் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன. படி இறங்கும்போது உடல் பாரத்தைத் தாங்கவேண்டியவை அதே தசைகள்தாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கால் மடங்குவதற்குத் தசைநார் கிழிசலும் குருத்தெலும்புக் கிழிசலும்கூடக் காரணமாகலாம். எலும்பு மருத்துவர் கையால் அழுத்தி, திருப்பிப் பரிசோதித்து அவை இல்லையென்று உறுதிசெய்யட்டும்.

முழங்காலில் நீர் கோத்து, ஊசி போட்டு எடுத்தார்கள். இப்போது வலி அவ்வளவாக இல்லை. ஆனால் தொடை மெலிந்துவிட்டது; படுத்தபடி காலை முழுவதும் நீட்டித் தூக்க முடியவில்லை. வலியே இல்லாதபோது ஏன் இப்படி?

வலி இல்லாமலும் தசை முடங்கும். நலமாக இருப்பவர்களின் முழங்காலுக்குள் உப்பு நீரை ஏற்றிப் பார்த்த ஆய்வுகள் 1960களிலிருந்தே இருக்கின்றன. மூட்டு உப்பியதும், வலி பெரிதாக இல்லாவிட்டாலும், தொடையின் முன்தசை முழு விசையோடு சுருங்க மறுத்தது. மூட்டின் உறையிலிருந்து வரும் சமிக்ஞை தண்டுவடத்திலேயே அந்தத் தசைக்குத் தடை போடுகிறது. தடை வாரக்கணக்கில் நீடித்தால் தசை மெலிகிறது, மூளை அதை எழுப்பும் விதமும் மாறிவிடுகிறது. "இன்னும் கொஞ்சம் முயற்சி செய்யுங்கள்" என்று அதட்டினால் அது விழித்துக்கொள்ளாது.

வீட்டில் இதைச் செய்து பாருங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு ஒன்றை வையுங்கள். துண்டைத் தரையோடு அழுத்துங்கள். தொடையின் உட்புறத்தில், சில்லுக்குச் சற்று மேலே இரண்டு விரலை வைத்தால் தசை திரண்டு இறுகுவது தெரியவேண்டும். சில்லு தொடையை நோக்கி மேலே நகரவேண்டும். அந்த இடம் தளர்ந்தே இருந்து, பின்தொடையும் பிட்டமும் மட்டும் இறுகினால், வேறு தசைகள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். நல்ல காலில் முதலில் செய்து அந்த உணர்வைப் பிடித்துக்கொண்டு, பிறகு மெலிந்த காலுக்கு வாருங்கள். அப்படியும் தசை எழவில்லையென்றால், தசையை மின்தூண்டல் கருவியால் சுருங்கச் செய்யலாமா என்று பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள்.

தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். அதுவே போதாதா?

இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, மூட்டு வலிக்கும் ஓரளவு உதவும், நிறுத்தவேண்டாம். ஆனால் மூளையின் வரைபடத்தைத் திருத்த நடை போதும் என்று நான் நம்பவில்லை. என் நம்பிக்கைக்கு ஆதாரம் முதுகுவலி பற்றிய ஓர் ஆய்வு, முழங்கால் பற்றியது அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். அடிக்கடி முதுகுவலி வருபவர்களுக்கு வயிற்றின் ஆழ்தசை ஒன்றுக்கான மூளைப் பகுதி இடம் மாறியிருப்பதைக் கண்ட ஆஸ்திரேலியக் குழு, அவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்தத் தசையை மட்டும் தனித்துச் சுருக்கக் கற்றுக்கொடுத்தது. மற்றவர்களை நடக்கச் சொன்னது. 2 வாரத்தில், தசைப் பயிற்சி பெற்றவர்களின் வரைபடம் நலமானவர்களுடையதை நோக்கித் திரும்பியது. நடந்தவர்களுடையது மாறவில்லை.

சிலேட்டில் எழுத்துப் பழகும் குழந்தை ஒவ்வொரு வளைவையும் பார்த்துப் பார்த்து இழுக்குமே, அந்தக் கவனம் இங்கே வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல், மூன்று எண்ணும் நேரத்தில் எழுந்து, மூன்று எண்ணும் நேரத்தில் அமருங்கள். எதிரே கண்ணாடி இருக்கட்டும். நல்ல காலின் பக்கம் உடல் சாய்கிறதா, முழங்கால் உள்நோக்கி ஒடிகிறதா என்று பாருங்கள். தொலைக்காட்சியை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். முறை சிதைந்ததும் நிறுத்திவிடுங்கள்; எண்ணிக்கைக்காக இழுக்கவேண்டாம்.

மூளைக்குக் காந்தத் தூண்டல் கொடுத்து மூட்டுவலியைக் குணப்படுத்துவதாக விளம்பரம் பார்த்தேன். போகலாமா?

பணத்தைக் கட்டாதீர்கள். 1985இல் ஷெஃபீல்டில் உருவான அந்தக் கருவி மூளையை அளக்க அருமையானது. மனச்சோர்வுக்கும் சிகிச்சையாகப் பயன்படுகிறது. நரம்பு சேதத்தால் வரும் வலியில் சிலருக்கு இயக்கப் புறணியைத் தூண்டுவது பலன் தருகிறது. முழங்கால் தேய்மானத்துக்கு அது நிலைபெற்ற சிகிச்சை அல்ல. வலிப்பு நோய் உள்ளவர்களும் தலைக்குள் உலோகக் கிளிப் வைத்தவர்களும் அதன் பக்கமே போகக்கூடாது.

அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிவாகியிருக்கிறது. மூட்டை மாற்றினால் மூளையும் சரியாகிவிடுமா?

ஓரளவு, ஆம். இடுப்பு மூட்டுத் தேய்மானத்தால் நெடுநாள் வலியில் இருந்தவர்களுக்கு மூளையின் சில பகுதிகளில் குறைந்திருந்த சாம்பல் நிறப் பொருள் (நரம்பு செல்கள் செறிந்த திசு), மூட்டை மாற்றி வலி போன பிறகு மீண்டும் கூடியது. ஆனால் வலி போவது ஒன்று, தசை திரும்புவது இன்னொன்று. முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டவர்களை அளந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரு மாதத்துக்குப் பின் தொடை முன்தசையின் வலு 62 சதவீதம் குறைந்திருந்தது. தசையின் பருமனோ 10 சதவீதம்தான் குறைந்திருந்தது. மெலிவைவிட, தசைக்கு முழுக் கட்டளை போய்ச் சேராததுதான் பெரிய காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். எனவே துண்டை அழுத்தும் பயிற்சியை அம்மாவுக்கு இப்போதே, அறுவைக்கு முன்பே பழக்குங்கள். வீடு திரும்பிய பிறகு "ஓய்வெடுக்கட்டும்" என்று கட்டிலோடு விட்டுவிடாதீர்கள்.

பயிற்சி செய்யும்போது வலித்தால் நிறுத்தவேண்டுமா?

லேசான வலி பரவாயில்லை. மறுநாள் காலையிலும் அது தணியாமல் இருந்தால் அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். மூட்டு புதிதாக வீங்கினாலோ, சிவந்து சுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, மடக்கிய கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ பயிற்சியை விட்டுவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.